அன்னாசியின் சொந்தக்காரர்களும் ஒரு கூன்வண்டும்

கொல்லிமலையில் எங்களுக்கு அரை ஏக்கர் அன்னாசி இருக்கிறது. சில்வர் ஓக் மரங்களுக்கு ஊடே, மிளகுக் கொடிகளுக்குக் கீழே நட்டிருக்கிறோம். நாலு வருஷத்துக்கு முன்னால் சொந்தப் பக்கக்கன்று பத்தவில்லை என்று வெளியூர் நர்சரி ஒன்றில் ஐநூறு கன்று வாங்கினேன். கன்று கொழுகொழுன்னு இருந்தது. அடி இலையைப் பிரித்துப் பார்க்காமல் அப்படியே நட்டேன், அது என் தப்பு. ஆறாம் மாசம் இலை சிவந்து, நுனி கீழ்ப்பக்கமாகச் சுருண்டு காய ஆரம்பித்தது. ஒரு செடியைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிட்டது. வேர் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அடியில் வெள்ளை மாவுக்குள்ளே இளஞ்சிவப்பாக மாவுப்பூச்சிகள், சுற்றிலும் எறும்பு.

என் அக்கா மகள் பூச்சியியல் படித்தவள். அவளைக் கூட்டிப்போய்க் காட்டினேன். பார்த்துவிட்டு, "மாமா, மருந்து என்னன்னு அப்புறம் பேசலாம். முதல்ல இந்தச் செடியோட சொந்தக்காரங்க கதையைப் படிங்க" என்று சில ஆராய்ச்சிக் கட்டுரைகளை அச்செடுத்துக் கொடுத்தாள். அவளே உட்கார்ந்து விளக்கமும் சொன்னாள். அதில் ஒரு கூன்வண்டின் கதை என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அன்னாசி நம்ம ஊர்ச் செடி இல்லை. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. அதன் குடும்பத்துக்கு புரோமீலியா என்று பெயர். 3,000க்கும் மேற்பட்ட வகைகள். ஆப்பிரிக்காவின் மேற்கே ஒரே ஒரு வகை இருக்கிறது, மற்ற அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. அன்னாசி மண்ணில் நிற்கிறது. இதன் சொந்தங்களில் பாதிக்கு மேல் மரத்துமேல் குடியிருப்பவை. மரத்துமேல் என்றதும் நமக்குப் புல்லுருவிதான் ஞாபகம் வரும். இது அது இல்லை. புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கிச் சாற்றை உறிஞ்சும். புரோமீலியாவின் வேர் மரத்தைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான். சாப்பாடும் தண்ணீரும் இலை வழியாக. இலைமேல் சாம்பல் பூசினது போலப் பொடிச் செதில்கள் இருக்கும், அவைதான் மழையையும் பனியையும் உறிஞ்சுகின்றன. பெரிய வகைகளில் இலைகள் அடியில் ஒன்றையொன்று தழுவி ஒரு கிண்ணம் போல ஆகிவிடும். அதில் மழைத்தண்ணி தேங்கும், சருகு விழும், சருகு மக்கும். செடி தனக்குத் தானே குட்டையும் எருக்குழியும் வெட்டி வைத்துக்கொண்ட மாதிரி.

அந்தக் குட்டைக்குள் என்னென்ன வாழ்கிறது என்று கோஸ்டாரிகா நாட்டுக்காரர் குளோடோமிரோ பிகாடோ 1913லேயே ஒரு நூல் எழுதினார். கொசுப்புழு, வண்டு, புழு, தவளை என்று ஒரு பெரிய உலகமே மரக்கிளையில் தொங்குகிறது. (கொசுப்புழு சும்மா இல்லை. டிரினிடாடில் 1940களில் மலேரியா பரப்பிய கொசு இந்தக் கிண்ணங்களில்தான் பெருகியது. கொக்கோத் தோட்டத்தில் நிழலுக்கு நின்ற மரங்களில் இந்தச் செடிகள் நிறைய. அந்த நிழல்மரம் நம்ம கல்யாண முருங்கையின் இனம். மயில்துத்தக் கரைசல் அடித்துச் செடிகளைக் கொன்றார்கள். செம்பு இந்தக் குடும்பத்துக்கு ஆகாது.)

இப்போது வண்டுக்கு வருவோம். அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கிற புளோரிடா மாநிலத்தில் 16 வகை புரோமீலியாக்கள் இயற்கையாக வளர்கின்றன. சதுப்புக் காடுகளில் சைப்ரஸ், ஓக் மரங்கள் முழுக்க இவை தொங்கும். 1989இல் அங்கே போர்ட் லாடர்டேல் என்ற ஊரில் ஒரு நர்சரியில் புது மாதிரியான கூன்வண்டு ஒன்று கண்ணில் பட்டது. கறுப்பு உடம்பு, முதுகில் குறுக்கே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை, விரல் நகத்தளவு நீளம். மெட்டமாசியஸ் காலிசோனா என்று பெயர். மெக்சிகோவின் வேராகுரூஸ் பகுதியிலிருந்து அழகுக்காக இறக்குமதியான புரோமீலியாச் செடிகளோடு வந்திருந்தது.

தென்னை வைத்திருப்பவர்களுக்குச் சிவப்புக் கூன்வண்டைத் தெரியும். வாழைக்காரர்களுக்குக் கிழங்குக் கூன்வண்டைத் தெரியும். அந்த இரண்டுக்கும் இது பங்காளி. செய்கிற வேலையும் அதே வேலை. தாய்வண்டு இலையின் அடிப்பக்கத்தைக் கீறி முட்டை வைக்கும். புழு பொரிந்ததும் நேராக நடுத்தண்டைப் பார்த்துக் குடைந்துகொண்டு போகும். குருத்துக்கு ஆதாரமான தண்டே போனபிறகு செடி எப்படி நிற்கும்? நடு இலையைப் பிடித்தால் கொத்தாகக் கையில் வரும், அடியில் பழுப்பாகக் கூழ் வடியும். அதற்குள் புழு நாரை மென்று கூடு கட்டி, வண்டாக மாறி அடுத்த செடிக்குப் பறந்திருக்கும். முட்டையிலிருந்து வண்டாக ஏறக்குறைய இரண்டு மாசம். குளிர்காலம் லேசாக இருக்கிற ஊர் என்பதால் வருஷம் முழுக்க இந்த வேலை நடக்கும்.

நர்சரியில் மருந்தடித்து ஒழிக்கப் பார்த்தார்கள். அதற்குள் அது வேலியைத் தாண்டிக் காட்டுக்குப் போய்விட்டது. தெற்கிலிருந்து வடக்காக ஒவ்வொரு மாவட்டமாக ஏறியது. மயாக்கா ஆற்றுப் பூங்கா, பிக் சைப்ரஸ் காடு என்று பெயர்பெற்ற இடங்களெல்லாம் பிடிபட்டன. அதில் கொடுமையான அடி வாங்கியது டில்லாண்ட்சியா உட்ரிகுலாட்டா என்ற பெரிய வகை. ஒரு செடியின் கிண்ணத்தில் லிட்டர் கணக்கில் தண்ணி நிற்கும்.

இந்தச் செடி ஏன் இவ்வளவு அடி வாங்கியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வாழை ஒருமுறை குலை தள்ளிச் சாகும், ஆனால் பக்கக்கன்று விட்டுவிட்டுச் சாகும். உட்ரிகுலாட்டா புளோரிடாவில் பெரும்பாலும் பக்கக்கன்று விடாது. தாளிப்பனை மாதிரி. பத்து வருஷத்துக்கும் மேலே வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூத்து, பஞ்சு ஒட்டிய விதைகளைக் காற்றில் விட்டுவிட்டுச் செத்துப்போகும். அதன் அடுத்த தலைமுறைக்கு விதையைத் தவிர வேறு வழி இல்லை. வண்டுக்கோ சின்னச் செடி பிடிக்காது, ஒரு புழு வளர அதில் தண்டு போதாது. நல்லாத் தடித்து, பூக்கப்போகிற பக்குவத்தில் இருக்கிற செடிதான் அதற்கு வேண்டும். ஆக, விதை கொடுக்க வேண்டிய தாய்ச்செடிகள் விதை கொடுப்பதற்கு முன்னாலேயே சாகின்றன. இன்றைக்கு மரத்தில் நூறு குட்டிச்செடி இருப்பதைப் பார்த்து "அதான் நிறைய இருக்கே" என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். விதைநெல்லை மட்டும் தேடித் தின்கிற எலியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் எங்கே பார்த்தாலும் தொங்கிய உட்ரிகுலாட்டாவும், பாசிகுலாட்டா என்ற இன்னொரு வகையும் இன்றைக்கு அந்த மாநிலத்தின் அழிவில் இருக்கும் செடிகள் பட்டியலில் இருக்கின்றன. நூல் நூலாகத் தாடி போலத் தொங்குகிற ஒரு வகை இருக்கிறது. அதில் குடையத் தண்டே இல்லை என்பதால் தப்பித்துக்கொண்டது.

மருந்தடித்தால் என்ன என்று யாராவது கேட்பீர்கள். நர்சரியில் அடிக்கலாம். ஐம்பது அடி உயரத்தில், சதுப்புக்கு நடுவில் நிற்கிற மரங்களுக்கு எங்கே போய் அடிப்பது? அடித்தாலும், அந்தக் கிண்ணத்துத் தண்ணிக்குள் இருக்கிற அத்தனை உயிரும் போகும். அவை போனால் செடிக்கே நட்டம். இதைச் சொல்வதற்கு ஒரு நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. 2006இல் ஜாக்குலின் நாய், டயான் ஸ்ரீவாஸ்தவா என்ற இருவர் கோஸ்டாரிகா காட்டில் செய்தது. கிண்ணத்தில் சருகைத் தின்கிற கொசு, ஈ வகைப் புழுக்கள் உண்டு. அவற்றைப் பிடித்துத் தின்கிற ஊசித்தட்டானின் இளம்பருவமும் உண்டு. நம்ம பாஷையில் சைவப் பூச்சி, அசைவப் பூச்சி. சருகில் இருக்கிற தழைச்சத்து எங்கே போகிறது என்று, அடையாளம் வைத்த நைட்ரஜனைக் கொண்டு பின்தொடர்ந்தார்கள். அசைவப் பூச்சி இல்லாத செடியில், சைவப் பூச்சிகள் சருகைத் தின்று வளர்ந்து, இறக்கை முளைத்து, சத்தை உடம்பில் சுமந்துகொண்டு பறந்தே போய்விட்டன. ஊசித்தட்டான் இருந்த செடியில் அவை தின்னப்பட்டு, எச்சமாகத் தண்ணியில் விழுந்து, அந்தச் சத்து செடிக்கே வந்து சேர்ந்தது. எருக்குழிக்குக் காவல்காரன் வைத்த மாதிரி. நான் இதைப் படித்தபிறகு என் வயல் வரப்பில் தட்டான் உட்கார்ந்தால் கொஞ்சம் மரியாதையோடுதான் பார்க்கிறேன்.

மருந்து ஆகாது என்றான பிறகு புளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் பிராங்க் என்ற பூச்சியியலாளர் வேறு கேள்வி கேட்டார். இந்த வண்டுக் கூட்டம் அதன் சொந்த மண்ணில் செடிகளை இப்படி மொட்டையடிப்பது இல்லையே, அங்கே அதை அடக்கி வைத்திருப்பது யார்? வண்டு கப்பலேறும்போது அதன் எதிரி ஏறவில்லை. அந்த எதிரியைத் தேடிப் போனார்கள். 1993இல் ஹோண்டுராஸ் நாட்டு வேளாண் பள்ளியில் வேலை பார்த்த ரொனால்ட் கேவ், மேகம் தவழும் மலைக்காட்டில் புரோமீலியாக்களைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு ஈயைக் கண்டார். அது இதே வண்டின் எதிரிகூட இல்லை, இதன் பங்காளி வண்டு ஒன்றின் எதிரி. தாய் ஈ முட்டை வைப்பதில்லை. புழு குடைந்த துளைக்குப் பக்கத்தில், அதன் எச்சம் கிடக்கும் இடமாகப் பார்த்துத் தன் குட்டிப்புழுக்களை விட்டுவிட்டுப் போகும். அவை துளைக்குள் ஊர்ந்து போய், வண்டின் புழுவைத் தேடி, அதன் உடம்புக்குள் நுழைந்து உள்ளிருந்தே தின்றுவிடும்.

இதைக் கண்டுபிடித்தது 1993. புளோரிடாக் காட்டில் முதன்முதலாக விட்டது 2007. நடுவில் 14 வருஷம். இவ்வளவு காலம் எதற்கு என்று முதலில் எனக்கும் சலிப்பாகத்தான் இருந்தது. அந்த ஈ உலகத்துக்கே புதுசு. 2006இல்தான் அதற்கு லிக்சாட்மான்டியா பிராங்கி என்று பெயரே வைத்தார்கள், பிராங்கின் பெயரால். மெக்சிகோ வண்டின் புழுவை அது ஏற்குமா என்று பார்க்க வேண்டும். வேண்டாத பூச்சிகளையும் தின்னுமா என்று சோதிக்க வேண்டும். ஒரு நாட்டுப் பூச்சியை இன்னொரு நாட்டில் விட்டபிறகு திருப்பிக் கூப்பிட முடியாதே. ஈயை வளர்க்க வண்டுப்புழு வேண்டும், வண்டுப்புழுவை வளர்க்கத் தீனி வேண்டும். அழிகிற காட்டுச்செடியை வெட்டிப்போட முடியுமா? என்ன தீனி போட்டார்கள் தெரியுமா? அன்னாசித் தண்டு. இந்த வண்டு அன்னாசித் தண்டில் முழுசாக வளர்ந்து வண்டாகும் என்று அவர்கள் சோதித்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இந்த வரியைப் படித்ததும் எழுந்துபோய் என் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன். இங்கே அந்த வண்டு இல்லை. ஆனால் அழகுச்செடி என்று தொட்டியில் விற்கிற கலர் கலரான புரோமீலியாக்கள் இப்போது நம்ம ஊர் நர்சரிகளிலும் வரிசையாக நிற்கின்றன. வெளிநாட்டுச் செடி இறக்குமதியில் தனிமைப்படுத்திச் சோதிக்கிற சட்டமெல்லாம் யாரோ அதிகாரிகள் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள், அது நம்ம வயிற்றுப்பாடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அழகுச்செடி ஆசையால்தான் அந்த வண்டு வந்தது. எதிரியைத் தேடுகிற செலவில் ஒரு பங்கைக் கொடுத்ததும் அதே ஆசைக்காரர்கள்தான். புளோரிடாவின் புரோமீலியா வளர்ப்போர் சங்கங்கள் நிதி திரட்டிக் கொடுத்தன.

சரி, ஈ வென்றதா? வென்றது என்று எழுத எனக்கும் ஆசைதான். பல இடங்களில் விட்டார்கள். சில இடங்களில் விட்ட ஈயின் பிள்ளைகளும் கிடைத்தன. ஆனால் அது அங்கே குடியேறி நிலைத்துவிட்டது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. குளிர்ந்த மலைக்காட்டில் பிறந்த ஈ அது, புளோரிடாவின் கோடையோ புழுக்கம். எதிரியைக் கொண்டுவந்தால் தீர்ந்தது என்று எல்லா நேரமும் நடப்பதில்லை. அதனால் இப்போது வேறொரு வேலையும் நடக்கிறது. பிரெவார்ட் மாவட்டத்தின் ஒரு காப்புக்காட்டில் உட்ரிகுலாட்டாவைக் கூண்டுக்குள் வைத்து, வண்டு நுழையாமல் காத்து, பூத்து விதை காற்றில் பறக்கிற வரைக்கும் காவல் இருக்கிறார்கள். நாம விதைநெல்லைக் கோட்டை கட்டி வைக்கிற மாதிரி.

நம்ம பக்கத்தில் இதே வழி ஜெயித்த கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். 2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வெள்ளையடித்தது. அடித்த மருந்தெல்லாம் வீண். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், கண்ணுக்குத் தெரியாத அளவுக் குளவி. அதன்பிறகு மாவுப்பூச்சி அடங்கியது. 2020இல் மரவள்ளியில் வேறொரு மாவுப்பூச்சி வந்தபோது ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபெசி என்ற குளவியை வரவழைத்து 2022இல் சேலம் ஏத்தாப்பூரில் விட்டார்கள். எங்க மலையடிவாரத்தில் மரவள்ளி போட்டிருக்கிற எல்லாருக்கும் இது வீட்டுச் செய்தி.

இனி என் அன்னாசி. "உங்க தோட்டத்துக் கதை அந்த வண்டுக் கதை இல்லை மாமா. அங்கே எதிரி இல்லை. இங்கே எதிரி இருக்கு, உள்ளே விடமாட்டேங்குது" என்றாள் மருமகள். உள்ளே விடாதது எறும்பு. ஹவாய்த் தீவுகளில் அன்னாசி பெரிய பண்ணைகளாக இருந்த காலத்தில் இந்த வாடல் நோய் அவர்களைப் படாதபாடு படுத்தியது. மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சுவதோடு வைரஸும் சேரும்போதுதான் செடி வாடுகிறது என்று அங்கே கண்டார்கள். மாவுப்பூச்சி விடுகிற தேன்கழிவுக்காக எறும்பு அதை மாடு மாதிரி மேய்க்கிறது, பொறிவண்டும் குளவியும் கிட்ட வந்தால் விரட்டுகிறது. எறும்பை ஒதுக்கிய பாத்திகளில் அதே பொறிவண்டும் குளவியுமே மாவுப்பூச்சியை அடக்கின. எறும்பு நடுவயலில் தொடங்குவதும் இல்லை, ஓரத்திலிருந்து உள்ளே வருகிறது.

அதனால் நான் செய்தது இவ்வளவுதான். வாடின செடிகளை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்தினேன். அதிலிருந்து ஒரு கன்றும் எடுக்கவில்லை. இப்போது எந்தக் கன்றானாலும் கீழ் இலை நாலைந்தை உரித்துப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் நிழலில் உலரப்போட்டபிறகுதான் நடுகிறேன். ஓரத்தில் குவிந்து கிடந்த பழைய இலைக்குப்பை, எறும்புக்குக் கோட்டையாக இருந்தது, அதைக் கலைத்து மண்புழுக் குழிக்குக் கொண்டுபோனேன். எறும்புப் புற்றுகளை மண்வெட்டியால் கிளறி, திரும்பத் திரும்பத் தண்ணி ஊற்றினேன். ஒரே நாளில் போகவில்லை, இரண்டு மழைக்காலம் ஆனது. ஓரத்து இரண்டு வரிசையை இன்றைக்கும் வாரம் ஒருமுறை குனிந்து பார்க்கிறேன். நடுவயலைப் பார்ப்பது மாசத்துக்கு ஒருமுறைதான்.

போன ஐப்பசியில் ஒரு செடியின் அடியில் பெரிய மாவுப்பூச்சிகள் ஏழெட்டு. உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு நூல். வழக்கம்போலக் கட்டைவிரலால் நசுக்கப் போனேன். அதில் ஒன்று விறுவிறுவென்று ஓடியது. மாவுப்பூச்சி அப்படி ஓடாதே என்று நிறுத்தி, படம் எடுத்து மருமகளுக்கு அனுப்பினேன். "நசுக்கிட்டீங்களா?" என்று உடனே போன். இல்லை என்றேன். "அது மாவுப்பூச்சி இல்லை மாமா, மாவுப்பூச்சியைத் தின்கிற பொறிவண்டோட குஞ்சு. அதே மாதிரி வெள்ளையைப் போர்த்திக்கிட்டு உள்ளே உட்கார்ந்து சாப்பிடுது" என்றாள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். செடியைச் சுற்றி எறும்பு இல்லை. குஞ்சுகள் பத்து ஆகியிருந்தன.